ஆறாவது நிலத்தின் மண்புழுக்கள்

அகல்யா சூழலியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை பயிர் வைத்தால் மண்ணில் எத்தனை மண்புழு மிஞ்சும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. பூந்தமல்லியைச் சுற்றி ஆறு நிலங்களைத் தேர்ந்தெடுத்திருந்தாள். முதலாவது, மனைக்கல் நட்டு விற்காமல் கிடக்கும் புல்தரை. ஆறாவது, கரையான்சாவடியைத் தாண்டி வேம்புலியம்மாள் குத்தகைக்கு எடுத்திருந்த கீரைத் தோட்டம். அங்கே இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை, மறுநாளே விதைப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு நிலத்திலும் குச்சி நட்ட இடத்தில் ஓரடிக் குழி வெட்டி, மண்ணைத் தார்ப்பாயில் உதிர்த்து எண்ணுவாள்.

மார்ச்சில் அவள் அண்ணன் நிர்மல் வானகரம் பக்கம் பைபாஸில் லாரி மோதி இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அகல்யா மண்வெட்டியோடு கிளம்பினாள். அவர்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் அவ்வளவாக இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், அவ்வளவுதான்.

கீரைத் தோட்டத்தில் ஜனவரியிலிருந்தே பூஜ்யம். ஏப்ரல், மே, ஜூனிலும் அதே.

"இன்னிக்கினாச்சும் எதுனா புழு கீதா, பாப்பா?" என்று களை பிடுங்கியபடியே வேம்புலியம்மாள் கேட்பாள்.

"இல்லக்கா."

ஜூலையில் தார்ப்பாயில் பதினான்கு புழுக்கள் நெளிந்தன. அகல்யா இரண்டு முறை எண்ணினாள். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மெல்லிய சிவப்பு. சாணக் குப்பையில் வாழும் வகை.

"அக்கா, இது இந்த மண்ணுப் புழு இல்லையே?"

வேம்புலியம்மாள் கையிலிருந்த களையைக் கீழே போட்டாள். "நாந்தான் காலைல எருமேட்டுலேர்ந்து எடுத்தாந்து நீ குச்சி நட்ட எடத்துல போட்டேன். மாசா மாசம் ஒண்ணும் இல்லன்னு எழுதிகினு போற. உம்மூஞ்சியப் பாக்க முடில பாப்பா."

"புழுவுக்காக இல்லக்கா. எங்க அண்ணன் செத்துட்டான்."

அதுவரை அவளுக்கு யாரிடமும் இதைச் சொல்ல நேர்ந்ததில்லை. சுற்றியிருந்த எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. சொன்ன பிறகும் உள்ளே எதுவும் அசையவில்லை.

வேம்புலியம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எப்போ?"

"மார்ச்ல."

"இத்தினி மாசமும் இத்த மன்சுல வச்சிகினா வந்துகினு இருந்த?"

இருவரும் புழுக்களைப் பொறுக்கி எருமேட்டில் விட்டார்கள். நோட்டில் ஜூலைக்கு நேராக 'மாதிரி கெட்டுவிட்டது' என்று அகல்யா எழுதினாள்.

ஆகஸ்டில் வேம்புலியம்மாள் பாதி வழியிலேயே வந்து நின்றாள். "உனக்கோசரம் ரெண்டு பாத்திக்கு பூச்சி மருந்து அடிக்காம உட்டு வச்சிகீறேன். தானா வரும் பாரு."

அந்தப் பாத்திகளில் இலையெல்லாம் பூச்சி ஓட்டை. சந்தைக்கு அந்தக் கீரை போகாது. அது அகல்யாவுக்குத் தெரிந்தது. ஆனால் மருந்தும் ஓயாத விதைப்பும் இருப்பதால்தான் அந்த நிலமே ஆய்வில் இருந்தது.

"எப்பவும் போல அடிங்கக்கா. நீங்க மாத்துனா என் ஆராய்ச்சி தப்பாயிடும்."

"அடிச்சா புழு வராதே?"

"வராது. அதைத்தான் நான் எழுதணும்."

 வேம்புலியம்மாள் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டாள். "தள்ளி நில்லு. காத்து உம்பக்கம் அடிக்குது."

அகல்யா எப்போதும்போல் மருந்து அடித்திருந்த வேறொரு பாத்தியில் குழி வெட்டினாள். பூஜ்யம்.

அக்டோபரில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். வழிகாட்டி பார்த்தசாரதி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு புள்ளியும் ஒரே கோட்டுல விழுதும்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். "சரி சார்" என்றாள்.

நவம்பரில் ஒரு காலை, எந்த வேலையும் இல்லாமல் கரையான்சாவடியில் போய் இறங்கினாள்.

"மம்முட்டி எங்க?" என்று அவள் வெறுங்கையைப் பார்த்துக் கேட்டாள் வேம்புலியம்மாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சுக்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்த?"

 வேம்புலியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். கட்டுப் போடுவதற்காக அறுத்த கீரை நடுவில் குவிந்து கிடந்தது. அகல்யா உட்கார்ந்து, வேர்மண்ணை உதறி, ஒரு பிடியை அவளிடம் நீட்டினாள்.

"அவன் பேரு நிர்மல்" என்றாள்.

வேம்புலியம்மாள் கட்டுவதை நிறுத்தவில்லை. "இன்னா வயசு?"

"இருபத்தேழு."

அகல்யா அடுத்த பிடியை எடுத்தாள்.