சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு

சிவானந்தனைப் போல நாள் பார்ப்பவனை லண்டன் ஃபாரஸ்ட் கேட் முழுக்கத் தேடினாலும் காண ஏலாது. ராகுகாலத்தில் ஒரு கடிதம் தபாலில் போடமாட்டான். அப்படிப்பட்டவன் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மனிசியைப் பார்க்கப் போகிறான் என்றால் சும்மா ஒரு நாளில் போவானா? தொண்ணூற்று நாலாம் ஆண்டுத் தைப்பூசத்தன்று காலை அவள் முகத்தில் முழிப்பதென்று முடிவுகட்டி, அதற்குத் தோதாக மாற்ற ஏலாத சிங்கப்பூர் டிக்கெட் ஒன்றையும் எடுத்துவிட்டான்.

வசந்தமலரைக் கலியாணம் முடித்து இருபத்தோராம் நாள் லண்டனுக்கு வந்தவன் அவன். அகதியாய் வந்தவன் ஊருக்குத் திரும்ப வழியில்லை. அவளுக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக வாய்த்தது மலேசியாதான். பினாங்கில் இருந்த அவனுடைய சித்தப்பா இராஜேந்திரன் எல்லாம் ஒழுங்குபண்ண, அவள் போன கிழமையே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவன் வேலைசெய்த பலசரக்குக் கடையில் கொடுத்த லீவு ஆறு நாள். பறக்கிற நேரம் போக மிச்சம் நாலு.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், கறிவேப்பிலை வாங்க வந்த மகாதேவியிடம் பெருமையாகச் சொன்னான். மகாதேவி மலேசியாவின் ஈப்போக்காரி, படிக்க வந்து, இங்கேயே பாங்கில் வேலையாகித் தங்கிவிட்டவள். சிங்கப்பூரில் இறங்கிப் பினாங்குக்கு எந்த பஸ் எடுக்கவேணும் என்று அவன் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற இருபது மைல் தூரமென்று நினைத்திருந்தான் பாவி. நானூறு மைலுக்கு மேல் என்றாள். பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். ரயிலென்றால் கோலாலம்பூரில் மாறவேண்டும். நாலு பேர் சேர்ந்ததும் புறப்படும் வாடகைக் காரும் உண்டு, உள்ளூர் விமானமும் உண்டு. இத்தனை வழி இருக்கே என்று அவன் ஆறுதல்பட, தேதி என்ன என்று கேட்டாள்.

“தைப்பூசத்துக்கா? ஒண்ணுமே கிடைக்காதுங்க,” என்றாள். “பாதிச் சனம் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போவும், மீதி பினாங்குக்குப் போவும். ஒரு மாசத்துக்கு முன்னாடியே எல்லா சீட்டும் போயிடும்.”

நல்ல நாள் பார்க்கத் தெரிந்த மனிசனுக்கு, அது ஊருக்கெல்லாம் நல்ல நாள் என்பது மட்டும் தோன்றவில்லை! டிக்கெட் எடுத்துத் தந்தவனைப் பிடித்து விமானத்துக்கும் ரயிலுக்கும் விசாரித்தான். இரண்டும் நிரம்பிவிட்டன. நாலு நாளில் இரண்டு நாள் பஸ் நிலையத்திலேயே போய்விடும் என்று கணக்குப்போட்டு, அரிசிமூட்டைகளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதான்.

அடுத்த நாள் காலை பினாங்குக்குப் போன் எடுத்தான். சித்தப்பாவிடம் சொல்லித் தப்பலாமென்று பார்த்தால், எடுத்தது வசந்தமலர். தன் மடத்தனத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னான். அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அவளோ சித்தப்பாவிடம் என்னவோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இஞ்சேருங்கோ, சனமெல்லாம் இஞ்சாலதான் வருது. இஞ்சயிருந்து ஜொகூருக்குப் போற பஸ்ஸில இடம் இருக்காம். நாளையிண்டைக்கு, தைப்பூசத்தண்டு காலமை ஏறினா பொழுதுபட வந்திடுவன். நீங்கள் சிங்கப்பூரில இறங்கி, பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தாப் போதும்.”

முன்பின் தெரியாத நாட்டில் தனிய வர ஏலாது என்று அவன் பதறினான். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

“ஊரை விட்டு வெளிக்கிடேக்க கிளாலிக் கடலைப் படகில தனியத்தான் கடந்தனான், ஷெல் விழேக்க. அங்கால ட்ராக்டர், பிறகு லொறி. நீங்கள் பயப்பிடுவியள் எண்டு எழுதேல்லை. இது ஒரு பஸ்தானே.”

ஒன்பது வருஷமும் சிவானந்தன் அவளைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டிய ஆளாகவே நினைத்திருந்தான். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

“அப்ப வாரும்,” என்றான். “நான் பஸ் நிலையத்தில வந்து நிக்கிறன்.”

“நில்லுங்கோ. ஆனா என்னைத் தேடாதேங்கோ, முகம் நல்லா மாறிப்போச்சு,” என்றாள் வசந்தமலர். “நான் உங்களைக் கண்டுபிடிப்பன்.”