1147-ஆம் புத்தகத்தின் இடம்

கில்டரா நூலகத்தின் மூன்றாவது அலமாரியில், நான்காவது தட்டிலிருந்து 1953 மார்ச் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை ஒரு புத்தகம் எடுக்கப்பட்டது. அது இருந்த இரண்டு விரல் அகல இடம் அதற்குப் பிறகு மூடிக்கொள்ளவே இல்லை. பக்கத்துப் புத்தகங்களை நெருக்கித் தள்ளினால் தட்டின் கடைசிப் புத்தகம் பொத்தென்று தரையில் விழுந்தது. இடைவெளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு புனிதரின் வரலாற்றை அதில் செருகிப் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தபோது புனிதர் ஜன்னலோரம் கிடந்தார். அந்த வருடம் கம்பளி விலை சரிந்தது, சந்தைக் கட்டடத்துக் கூரைக்குப் புது ஓடு மாற்றினார்கள், பாலத்தின் வலது தூண் விரிசல் விட்டது. ஊர் இவற்றோடு சேர்த்துத்தான் அதையும் சொல்லும்.

எடுக்கப்பட்டது ஒரு நாவல். பக்கத்து மாவட்டத்தில் பிறந்து லிவர்பூலுக்குக் கப்பலேறிப்போன ஒரு நர்ஸ் எழுதியது. மூன்று வருடத்தில் அதை இரவல் வாங்கியவர்கள் ஏழே பேர். அதிலும் இரண்டு பேர் தலைப்பைப் பார்த்துச் சமையல் புத்தகம் என்று ஏமாந்தவர்கள். ஆனால் எங்கோ யாரோ ‘தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள்’ என்று தலைநகருக்கு எழுதிப்போட்டார்கள். அங்கிருந்து வந்த தடைப்பட்டியலோடு, நூலகக் குழுத் தலைவரான பங்குத்தந்தை மலாக்கி டூஹி நேரே படியேறி வந்துவிட்டார்.

நூலகர் அட்ரக்டா லவெலுக்கு அப்போது முப்பத்தொரு வயது. நூலகம் சந்தைக் கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை. செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணி முதல் எட்டு மணி வரை. கீழே கம்பளி எடை போடுகிற நாட்களில் மேலே புத்தகமெல்லாம் ஆட்டு வாடை அடிக்கும். வருடா வருடம் மே மாதம் குழு கூடி அவளுடைய வேலையை நீட்டிக்க வேண்டும். நீட்டிக்காவிட்டால் பிழைப்புக்கு அவளுக்கும் லிவர்பூல் கப்பல்தான். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அவள் அன்று அப்படி நடந்துகொண்டாள் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

அவள் மறுப்புச் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சிக்கல் பதிவேட்டில்தான் வந்தது. ஒரு புத்தகம் நூலகத்தை விட்டுப் போனால் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அச்சடித்த காரணங்கள் மூன்றுதான்: தொலைந்தது, கிழிந்தது, திரும்பவில்லை.

“கிழிந்ததுன்னு எழுதிடும்மா. முடிஞ்சது வேலை,” என்றார் ஃபாதர் டூஹி.

“கிழியலையே ஃபாதர். போன வாரம்தான் முதுகுக்குத் துணி ஒட்டினேன். கல்லு மாதிரி இருக்கு.”

“சரி, தொலைந்ததுன்னு போடு.”

“உங்க கையிலதானே இருக்கு?”

“அப்போ மூணாவது.”

“அதுக்கு இன்னும் தவணையே முடியலையே ஃபாதர். இருபத்து நாலாம் தேதி வரைக்கும் இருக்கு.”

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். நீட்டுகிற புத்தகத்துக்கெல்லாம் தேதி முத்திரை குத்திப் பழகிய அட்ரக்டாவின் கை, இதற்கும் குத்தியிருந்தது. ஃபாதரின் இரவல் சீட்டு, புத்தகத்தின் எண் சீட்டோடு சேர்ந்து இரவல் பெட்டிக்குள் போயிருந்தது; புத்தகம் அவர் பெயரில் இரவலாகிவிட்டது. ஃபாதர் உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிப்போனார். 1147 என்ற எண்ணுக்கு நேரே காரணக் கட்டம் வெறுமையாக நின்றது. மேலே அலமாரியில் அதன் இடமும் அப்படியே நின்றது.

அந்த இடத்தில் படிக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவள் டெலியா ருவான். எட்டுப் பிள்ளைகளின் தாய். புருஷனுக்குக் கௌபாய் கதை ஒன்று எடுத்துப்போக வந்தவள், புத்தக முதுகுகளில் உள்ள பெயர்களைப் படிக்கத் தலையைச் சாய்த்தபடி இடைவெளியின் முன்னால் நின்றுவிட்டாள். கெட்டில் கொதிக்கிற நேரம் நின்றிருப்பாள்.

“அட்ரக்டா, ஒருத்தி மழையில கோழியைத் தேடிக்கிட்டுப் போறா. வேலி வரைக்கும் போறா. அப்புறம் ஒண்ணும் வரமாட்டேங்குது.”

அட்ரக்டா நிமிர்ந்து பார்த்தாள். அது நாவலின் முதல் பக்கம். வேலியோடுதான் அந்தப் பக்கம் முடியும்.

வெள்ளிக்கிழமை டெலியாவுக்கு இரண்டாம் பக்கம் வந்தது. ஒரு வருகைக்கு ஒரு பக்கம். அவசரப்பட்டால் வராது, கெஞ்சினால் கிடைக்காது. ஒரு வாரம் வராமல் போனவளுக்கு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. நூலகத்தின் மற்ற புத்தகங்கள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. கோடை முடிவதற்குள் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜென்ட் இரண்டு முறை வந்து விசாரித்தார், பிறகு விசாரணையை நீட்டித்துக்கொண்டே போனார். செப்டம்பரில் அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தார். ஃபாதர் டூஹி ஒரு நாள் மேலே வந்து, சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்து நிற்கிற கூட்டத்தைக் கண்டார்.

“இங்கே நின்னுக்கிட்டு எல்லாரும் என்னத்தைப் பாக்கறீங்க?”

“ஒண்ணும் இல்லாததைப் பாக்கறோம் ஃபாதர்,” என்றாள் டெலியா. “அதுக்கும் பட்டியல் வந்திருக்கா?”

1954 பிப்ரவரியில் டெலியா தொண்ணூற்று மூன்றாம் பக்கத்துக்கு வந்துசேர்ந்தாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். நேரே வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் கட்டிலில் ஏறிப் படுத்து, மறுநாள் காலை பத்து மணி வரை தூங்கினாள். கஞ்சியைக் கணவன் கிண்டினான், அடிப்பிடித்தது. அடுத்த வாரம் தபால்காரர் மனைவி தூங்கினாள், அதற்கடுத்து பால்பண்ணைத் தெருவில் நான்கு பேர். அந்த வசந்தத்தில் கில்டராவில் பெண்கள் தூங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்; ஏப்ரலில் ஊர் முழுக்கத் தீய்ந்த கஞ்சியின் வாடை.

கணவன்மார் சும்மா இருப்பார்களா? மே மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது: இடைவெளி மூடப்பட வேண்டும், பதிவேட்டில் காரணம் எழுதப்பட வேண்டும், இல்லையேல் மிஸ் லவெலின் வேலை நீட்டிக்கப்படாது. குழுவின் ஏழு ஆண்களும் மாடியேறி வந்தார்கள். அவர்களில் ஒருவரான தச்சர் கொலும் கேவி தட்டைக் கழற்றி, நடுவில் இரண்டு விரல் அகலம் அறுத்தெடுத்து, ஒட்டித் திரும்ப மாட்டினார். அளந்து பார்த்தால் தட்டு பழைய நீளமே இருந்தது, இடைவெளியும் இருந்தது. அறுத்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மரத்துல கோளாறு இல்லீங்க ஃபாதர்,” என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் துடைத்தார்.

பிறகு பதிவேட்டைத் திறந்து அட்ரக்டாவின் முன்னால் வைத்தார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பேனாவை மையில் தோய்த்தாள். மூன்று சொற்களில் ஒன்றை எழுதினால் வேலை நிற்கும், அவ்வளவுதான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த விதிகளின் பக்கம் கையைக் காட்டினாள்.

“ஒன்பதாவது விதி. இரவல்ல இருக்கிற புத்தகத்தை, திரும்பி வர்ற வரைக்கும் பதிவேட்டுலேருந்து எடுக்கக் கூடாது. ஃபாதர் அதைத் திருப்பிக் கொண்டாரட்டும். எந்த நிலையில இருக்கோ, அதைப் பார்த்து உண்மையை எழுதிடறேன். இல்லாததை எழுதமாட்டேன்.”

ஆறு தலைகள் ஃபாதர் டூஹியின் பக்கம் திரும்பின. விதிகளை 1946-இல் எழுதியவரே அவர்தான். அவர் ஒன்பதாம் விதியைப் பார்த்தார். அவருடைய கண் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, பதினொன்றாம் விதியில் நின்றது. முகம் சிவந்தது.

“அடுத்த விஷயத்துக்குப் போவோம்,” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை, அட்ரக்டாவுக்கும்தான். ஆனால் வேலை நீண்டது. அடுத்த மே மாதமும் அந்தத் தீர்மானம் வந்தது, அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். இப்படிப் பதின்மூன்று மே மாதங்கள். அட்ரக்டா தன் பங்குக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபாதருக்கு நினைவூட்டல் அட்டை போட்டாள். பெருநாள் என்று விடவில்லை, அவருக்கு நிமோனியா வந்த குளிர்காலத்திலும் விடவில்லை, அந்த அட்டையின் ஓரத்தில் மட்டும் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சேர்த்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

1967-இல் சட்டம் மாறியது. பன்னிரண்டு வருடம் தாண்டிய தடைகள் தாமாக விலகின. நர்ஸ் அதற்குள் இறந்துபோயிருந்தாள், புத்தகம் அச்சில் இல்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வு பெற்றிருந்த ஃபாதர் டூஹி இருபத்திரண்டு படிகளையும் நின்று நின்று ஏறிவந்து, நூலால் கட்டிய புத்தகத்தை மேசைமேல் வைத்தார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட நினைவூட்டல் அட்டைகளையும் தனியே ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“கொஞ்சம் லேட்டாயிடுச்சு, மிஸ் லவெல்.”

அவள் வழக்கப்படி தாள்களைப் புரட்டிச் சரிபார்த்தாள். தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு தொண்ணூற்றைந்து வந்தது.

“ஃபாதர், இது கிழிஞ்சிருக்கே.”

“நான்தான். கொண்டுபோன அன்னிக்கே. மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பணும்னு இருந்தேன், அங்கே பசங்க யாராவது படிச்சுடுவாங்களேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கிழிச்சு அடுப்புல போட்டேன். அப்புறம் எப்படிங்க திருப்பிக் கொண்டாருவேன்? பதினொண்ணாவது விதியை எழுதின கை இதுதானே.” புத்தகத்தைக் கிழித்தவரின் பெயரை ஒரு மாதம் வாசல் கதவில் ஒட்ட வேண்டும் என்பது அந்த விதி. “மிச்சத்தைப் பதினோரு தடவை படிச்சிருக்கேன். நல்ல புத்தகம். அந்தத் தாள்ல அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு தெரியாமத்தான் தவிக்கிறேன். உங்களுக்குத்தான் தெரியுமே. சொல்லிடுங்களேன்.”

பதினான்கு வருடம் அவளை ‘எழுதும்மா, போடும்மா’ என்றவர் ‘நீங்க’ என்றதை அவள் கவனித்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் சொல்லவில்லை. மூன்றாவது அலமாரியைக் காட்டினாள்.

“அங்கே நில்லுங்க ஃபாதர். ஆனா முதல் பக்கத்துலேருந்துதான் வரும்.”

“எனக்கு எண்பத்தொண்ணாச்சே.”

“நாற்காலி போடறேன்.”

கிழவர் அன்றே முதல் பக்கத்து மழையில் கோழியைத் தேடிப் புறப்பட்டார். தன் பெயரைத் தானே பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினார். யாரோ அதை இரங்கல் அறிவிப்பு என்று நினைத்துப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸ் வாரமும் புனித வாரமும் போக, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வந்தார். வழுக்குகிற நாட்களில் சார்ஜென்ட் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டுவாரா என்று ஊரே கவலைப்பட்டது. இத்தனை வருடம் அவரைத் திட்டியவர்களும் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

தாண்டினார். 1968 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குத் தொண்ணூற்று மூன்றாம் பக்கம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

“எட்டுப் பிள்ளை பெத்தவ,” என்றார் கடைசியில், திரும்பாமலே. “இன்னிக்கு ஒரு ராத்திரி பிள்ளைங்களோட படுத்துக்கறேன், எனக்குத் தூக்கம் வேணும்னு புருஷன்கிட்ட கேக்கறா. வேற ஒண்ணுமே இல்லையேம்மா.”

“இல்லை ஃபாதர்,” என்றாள் அட்ரக்டா.

“தூங்கணும்னுதானே கேட்டா. இதுக்கா தடை போட்டோம்?”

அவருக்குப் பின்னால், மூன்றாவது சுற்றில் அறுபதாம் பக்கத்துக்காக டெலியா ருவான் காத்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஃபாதர் கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

“உட்காரும்மா டெலியா. எவ்வளவு நேரம் நிப்பே.”

ஒரு தாள் குறைந்த புத்தகத்தைத் தட்டில் வைக்க விதி இடம் தரவில்லை; அது மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘கிழிந்தது’ என்று இப்போது உண்மையாகவே எழுதியிருக்கலாம். ஊரில் எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்கிற புத்தகத்தை எப்படிக் கிழிந்தது என்று எழுதுவது என்று கேட்டாள் அட்ரக்டா. அவளுக்குப் பின் வந்த நூலகர்களும் எழுதவில்லை. கட்டம் வெறுமையாக இருக்கிறது, இடைவெளியைச் செவ்வாய்க்கிழமைகளில் துடைக்கிறார்கள். நாற்காலியில் எப்போதும் யாராவது தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எழுந்த பிறகு நாம் உட்காரலாம்.