முழுக்கைச் சட்டை

“முழுக்கைச் சட்டையப் போடுன்னா போடேன். நாலு பேர் வர்ற நேரத்துல…”

“வரட்டும். இது என்னன்னு தெரியாம நான் எதையும் மூட மாட்டேன்.”

“கூடவே இருந்தவ நீ. உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத்…”

“கத்தாதண்ணா, கதவு திறந்திருக்கு.”

அண்ணன் கதவைச் சாத்தினான். கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். இரவு தூங்கப் போனவள் காலையில் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் வந்து சேர்ந்தபோது தங்கை அம்மாவுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். தோளுக்குக் கீழே, இரண்டு கைகளின் பின்புறத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள். சில கறுத்து ஆறியவை. சில பச்சையும் மஞ்சளுமாகக் கன்றியவை. இடது கையில் மட்டும் அரை விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

“அந்தக் கோடு எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பூனை கீறினது. அம்மாவே சொன்னா.”

“அப்ப புள்ளியெல்லாம் என்ன, பூனையோட குட்டிங்க கீறினதா?” அண்ணன் குரலைத் தாழ்த்தினான். “இது ஊசித் தடம். அம்மாவுக்கு ஏதோ வியாதி இருந்திருக்கு. உன்கிட்ட சொல்லியிருப்பா. நீ காதுல வாங்கியிருக்க மாட்ட.”

அது அவளைப் போய்த் தைத்தது. அம்மாவும் அவளும் பதினோரு வருடம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அம்மா சொல்லி, தான் கேட்காமல் போயிருப்போமா? அம்மாவைக் கொண்டுபோக மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அம்மா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓய்வுபெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் போய், சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு வகுப்பெடுத்தாள். எப்படிச் சோதிப்பது, எப்போது சாப்பிடக் கொடுப்பது, மயங்கினால் என்ன செய்வது, எல்லாம். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மகள் ஏழு வயதில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள். இன்றைக்கும் ஊசியைக் கண்டாலே அவளுக்குக் கண் இருட்டும்; அந்தப் பேச்சும் பிடிக்காது.

அண்ணன் அம்மாவின் கைப்பையை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்தான். பஸ் பாஸ், கண்ணாடிக் கூடு, உள்ளங்கை அளவில் தோல் நிறத்து ரப்பர் துண்டு ஒன்று, பிரிக்காத ஊசிகள் ஒரு கட்டு, குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் குப்பிகள்.

“பாத்தியா! தனக்குத்தானே போட்டுக்கிட்டிருக்கா.”

மகள் ஊசிகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். “குப்பில என்ன எழுதியிருக்குன்னு படி.”

“உப்பு நீர்.”

“வெறும் உப்புத் தண்ணிய எதுக்கு யாராவது போட்டுக்கப் போறாங்க?”

அண்ணன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் தன் வலது கையை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். எட்டியது. ஆனால் அங்கே சதையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும்.

“இது அம்மா போட்டுக்கிட்டது இல்லண்ணா. வேற யாரோ போட்டிருக்காங்க.”

“யாரு?”

வாசல் மணி அடித்தது.

வந்தவர் லாரி ஓட்டுகிறவராம். ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு நேராக வந்திருந்தார். கூடத்தில் உட்காரத் தெரியாமல் நின்றார். பத்து வயதுப் பெண், திறந்திருந்த கதவு வழியாக மேஜையைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, அது சிஸ்டரோட ரப்பர்!”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றாள் தங்கை.

“அதுலதான் அப்பா ஊசி போடப் பழகினாரு. இப்ப நானே போட்டுக்கறேன். அப்பா ரொம்பப் பயந்தாங்கொள்ளி.”

டிரைவர் மறுக்கவில்லை. “ரப்பர்ல நூறு தடவ குத்தினேங்க. ரப்பருக்கு வலிக்காதில்ல. இவகிட்டப் போனா கை வராது. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறோம்ங்கறாங்க. வீட்டுல நான்தான் போடணும், வேற ஆளில்ல. போடலன்னா பிள்ள பிழைக்காது. தெரியும். தெரிஞ்சும் கை வரல.” தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “சிஸ்டர் கதவச் சாத்தினாங்க. சட்டைக் கையச் சுருட்டிக்கிட்டுத் திரும்பி உட்கார்ந்தாங்க. ‘புது ஊசி, உள்ள உப்புத் தண்ணி. எனக்குப் போடுங்க. வலிச்சா திட்டுவேன்’னாங்க.”

“திட்டினாங்களா?” அண்ணன்தான் கேட்டான்.

“திட்டாமயா? ‘அவ்வளவு பெரிய வண்டிய ஓட்டுற கைக்கு இத்தனூண்டு ஊசி கனக்குதாக்கும்’னாங்க. எனக்கு மட்டுமில்லீங்க, ரப்பரத் தாண்டி வராதவங்க எல்லாருக்கும் அந்தக் கைதான்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா உள்ள விட மாட்டாங்கன்னாங்க. வீட்டுல பொண்ணுக்கு இந்தப் பேச்சே ஆகாதுன்னாங்க.” தங்கையின் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் தரையைப் பார்த்துச் சொன்னார். “முதல் தடவ பதறி, எடுக்கறப்ப இழுத்துட்டேங்க. இடது கையில நீளமாக் கீறி ரத்தம் வந்துடுச்சு. நான் அழுதுட்டேன். ‘வீட்டுல கேட்டா பூனைன்னு சொல்லிக்கறேன். நீங்க அடுத்த ஊசியப் பிரிங்க’ன்னாங்க.”

பள்ளிக்கூடப் பை கனத்ததால் சின்னவள் அதைக் கழற்றித் தரையில் வைத்தாள். அண்ணன் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு உள்ளே போய், கட்டில் விளிம்பில் கிடந்த முழுக்கைச் சட்டையை மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

“அரைக்கை எந்தத் தட்டுல இருக்கு?”

“கீழ. நீலம் எடு.”

எடுத்துக் கொடுத்துவிட்டு, டிரைவரோடு உட்காரப் போனான்.

மகள் அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் நுழைத்தாள். பொத்தான்களைப் போட்டாள். இடது கைக் கோடு சட்டையின் விளிம்புக்குக் கீழே தெரிந்தது. அந்தக் கோட்டுக்காக இரண்டு வருடமாக ஜன்னலோரம் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருக்கிறாள். எதிர்வீட்டாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் அந்தப் பூனை உட்கார்ந்திருந்தது. இவளைக் கண்டதும் உடம்பைச் சுருக்கி, ஓடத் தயாரானது. இவள் குவளையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது காலை நக்கத் தொடங்கியது.

அவள் கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, நான் அதுமேல தண்ணி ஊத்தறப்பல்லாம் நீ என்னதான் நினைச்சுக்கிட்டு நின்ன?”