அழிக்காத குரல்

மாயாண்டியின் இரண்டாவது சுத்தியல் அடியில் ஸ்பீக்கர் பிளந்தது. அடுத்தது கீபோர்டின் மேல் விழுந்தது. வெள்ளைக் கட்டைகள் பற்களைப் போலத் தெறித்து அவர் மகள் ரதியின் காலடியில் சிதறின.

கூடத்தில் அவள் அண்ணன் ஹேமநாதன் சவப்பெட்டிக்குள் கிடந்தான். நெற்றித் தையலைத் துண்டால் மறைத்திருந்தார்கள். பாட்டுகளுக்கு இசை கோத்து, பாடுபவர்களை இந்த அறைக்கே வரவழைத்துப் பதிவு செய்வது அவன் வேலை. கடைசிப் பாட்டில் பாடகன் வசந்தனின் குரல் சரிவரவில்லை. அதை எடுத்துவிட்டு இன்னொருவனைப் பாடவைத்தான். வசந்தனிடம் சொல்லவில்லை. பாட்டு வெளிவந்த அன்று லாபு ஊர்க் கடைத்தெருவில் வசந்தன் ஹேமநாதனை ஹெல்மெட்டால் அடித்தான். கீழே விழுந்த பிறகும் அடித்தானாம்.

அறை வாசலில் இருந்து சித்தப்பா முருகையா எட்டிப் பார்த்தார்.

"பொணத்த வச்சிக்கிட்டு என்னாண்ணே இது? பொறவு ஒடைக்கலாம்லா."

மாயாண்டி திரும்பவில்லை. மேசையில் மிச்சமிருந்தது லேப்டாப் மட்டும்தான். சுத்தியல் உயர்ந்தபோது ரதி அதன்மேல் கவிழ்ந்தாள். அடி அவள் விரல்களை நசுக்கிக்கொண்டு மேசையில் இறங்கியது.

"தள்ளு. இந்தக் கருமத்தாலதான செத்தான்?"

"அண்ணன் கொரலு இதுலதாம்பா இருக்கு."

"அவன் எங்க பாடுனான்? கண்டவன்லாம்ல பாடுனான்."

பாடகர்களுக்கு மெட்டு பிடிபட ஹேமநாதன் முதலில் தானே பாடிப் பதிந்து வைப்பான். அவர்கள் பாடி முடித்ததும் அதை அழித்துவிடுவான். முடியாமல் நின்ற ஒரு பாட்டில் மட்டும் அது அழியாமல் இருந்தது. அடியில் விரிசல் விட்ட திரையைத் திறந்து ரதி அந்தப் பாட்டைத் தேடி ஓடவிட்டாள். விசையெல்லாம் ரத்தமானது. ஹெட்போனின் ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. மறுபக்கத்தை அப்பாவின் காதில் வைத்து அழுத்தினாள்.

மாயாண்டி அவள் கையைத் தட்டிவிட்டார். பிறகு கீழே விழப்போன ஹெட்போனை அவரே பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அப்போது வெளியே உறுமி மேளம் தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. அவர் ஹெட்போனைக் காதோடு இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு கூடத்தின் வழியாக, பெட்டியைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். ஒயர் எட்டவில்லை. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரதி பின்னால் போனாள்.

வாசலில் நின்று அவர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். அந்தக் கையில்தான் சுத்தியல் இருந்தது. மேளக்காரர்களின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.