உட்கருவுக்கு மூன்று மதிப்பெண்

திருத்தும் மையத்துக்கு அன்றுதான் வந்திருந்த புவியியல் ஆசிரியையின் கை, பிரித்த கட்டின் முதல் விடைத்தாளிலேயே நின்றுவிட்டது. 'புவியின் உட்கரு எந்த நிலையில் உள்ளது? காரணம் தருக.' மூன்று மதிப்பெண் கேள்வி. முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளை கோணல்மாணலான எழுத்தில் எழுதியிருந்தது: 'திட நிலை. அங்கே சூரியனின் மேற்பரப்பு அளவுக்குச் சூடு. ஆனாலும் மேலே இருக்கும் பூமி முழுவதும் அழுத்துவதால் இரும்பால் உருக முடியவில்லை. அதைச் சுற்றியுள்ள வெளிக்கருதான் உருகிக் கிடக்கிறது.'

நெட்டுருப் போட்ட பிள்ளை இப்படி எழுதாது. அந்த 'முடியவில்லை'யில் இரும்பின்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. மேஜைமேல் கிடந்த விடைக்குறிப்போ, 'உட்கரு திரவ நிலை. காரணம் மிகுந்த வெப்பம்' என்றது. அதன்படி இந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம்.

தாளோடு எழுந்துபோய்த் தலைமைத் திருத்துநர் முன்னால் நின்றாள். குறிப்பைத் தயாரித்தவரும் அவர்தான்.

"சார், குறிப்புல வெளிக்கருவுக்கு எழுத வேண்டியதை உட்கருவுக்கு எழுதியிருக்கு. இடம் மாறிப்போச்சு."

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "தெரியும் டீச்சர். நேத்தே பார்த்தேன்."

அந்தத் 'தெரியும்'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துத் தொலைத்திருக்கலாம்.

"பார்த்துட்டு?"

"நாலாயிரம் பேப்பர் திருத்தி அனுப்பியாச்சு. இப்போ போய் நான் போட்டது தப்புன்னு என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா? குறிப்புல இருக்கிறதுதான் சரி. திருத்துங்க."

"உங்க குறிப்பு பூமிக்குத் தெரியுமா சார்?"

கூடம் முழுக்கப் பேனாக்கள் நின்றன. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மறுபடி கீறத் தொடங்கின. அந்தச் சத்தம் அவர் சொன்னதைவிட அதிகமாக அவளைச் சுட்டது. இத்தனை பேரும் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் போட்டு, நடுவில் 'திடம்' என்று எழுதுகிறவர்கள்தானே.

இடத்துக்குத் திரும்பி அந்தத் தாளில் மூன்று போட்டாள். அடுத்ததில் ஒரு பிள்ளை 'திடம்' என்று எழுதி, பயந்துபோய் அடித்துவிட்டு, மறுபடி 'திடம்' என்றே எழுதியிருந்தது. அதற்கும் போட்டாள். பதினோராவது தாளில் இருக்கும்போது அவர் வந்து கட்டை அவள் கைக்கு அடியிலிருந்து உருவினார்.

"நீங்க கிளம்பலாம்."

வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து, தேர்வு வாரியத்துக்குப் புகார் எழுதினாள். முதல் காகிதத்தில் வந்ததெல்லாம் வசவு. கிழித்தாள். இரண்டாவதில் கேள்வி எண், பிழை, நாலாயிரம் தாள், அவர் சொன்ன 'தெரியும்' எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள்.

பின்னால் செருப்புச் சத்தம். பக்கத்து மேஜை ஆசிரியர். ஓய்வுபெற எட்டு மாதம் இருப்பதாகக் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"உங்க கட்டை என்கிட்ட கொடுத்திருக்காங்க டீச்சர். நீங்க போட்டதை அடிச்சிட்டு மாத்தணுமாம்."

"மாத்தப் போறீங்களா?"

அவர் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூடி போடாமல் சட்டைப் பையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவின் மை, வெள்ளைத் துணியில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.