முகூர்த்தத்துக்கு மெதுவாக வந்தவள்

கல்யாண வீடியோ சினிமாட்டிக் ஸ்டைலில் என்று முடிவான வியாழக்கிழமை மாலையே ஜெயப்ரியா ஸ்லோமோஷனுக்குப் போய்விட்டாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் அடுப்படியிலிருந்து அவள் காபியோடு கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் சீரியல் முடிந்து செய்தி வந்துவிட்டது. ஃபேன் ஓடாதபோதும் கூந்தல் பறந்தது. வாயைத் திறந்தால் பேச்சுக்குப் பதில் வயலின் கேட்டது. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் அவள் அப்பா ராஜகோபால் ஆறிய காபியைக் குடித்துவிட்டு, கல்யாணக் களை என்றார்.

அவளுடைய அவசரம் அவருக்குத் தெரியாது. வாலாஜாபாத் மாப்பிள்ளை விஷாலிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது: என்னைப் பிடித்துத்தான் இந்தக் கல்யாணமா? நிச்சயம் ஆனதிலிருந்து எதைக் கேட்டாலும், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதே அவன் பதில். இந்தக் கேள்வியைப் போனில் அனுப்பிப் பார்த்தாள். ஒரு கட்டைவிரல் வந்தது. அது ஆமா என்பதா, படித்துவிட்டேன் என்பதா, விளங்கவில்லை. நேரில் கேட்பது, பதில் சரியில்லை என்றால் மணையில் உட்காருவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் குரல் வயலினாகிப் போனது.

மறுநாள் விஷாலின் அம்மா காவேரி, வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரன் சரத்குமாருக்குப் போன் போட்டாள்.

"சொந்தக்காரன் மூஞ்சியே தெரியாத வீடியோ இன்னாத்துக்குப்பா? என் தம்பி பந்தியில உக்காந்து சாப்புட்றது வரணும்."

ஸ்டைல் டிரெடிஷனல் ஆயிற்று. அந்த நிமிஷமே ஜெயப்ரியாவுக்கு வேகம் திரும்பியது. ஆனால் முகத்தில் எங்கிருந்தோ வெள்ளை வெளிச்சம் விழுந்தது. யார் வந்தாலும் பக்கத்தில் போய் நின்று நேராகப் பார்த்துச் சிரித்தாள், வேறு பேச்சில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். பிறகு விஷாலின் நண்பர்கள், இப்போது கேமராவையே பார்க்காத கேண்டிட்தான் டிரெண்ட் என்றார்கள். அன்றிலிருந்து அவள் யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரித்தாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார்; எல்லாம் நார்மல். அம்மா அலமு தினமும் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு மகள் எந்த ஸ்டைல் என்று கேட்டுக்கொண்டுதான் உலை வைத்தாள்.

மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று பிடித்துப்போகும் தகராறைக் கடையில் தினமும் தீர்ப்பவர் ராஜகோபால். ஸ்டுடியோவுக்குப் போனார், புடவைக்குச் சொல்வது போலவே ஆர்டர் சொன்னார்.

"உடல் டிரெடிஷனல். ரெண்டு கரையும் சினிமாட்டிக். முந்தானை கேண்டிட். யாருக்கும் மனத்தாங்கல் வேணாம்பா."

அதன்படியே நடந்தது. பகல் முழுக்க ஜெயப்ரியா நேராகப் பார்த்துச் சிரித்தாள். இரவில் ஜன்னலைப் பார்த்தாள். பகலுக்கு இரண்டு கரைகளான விடியலிலும் அந்தியிலும் மெதுவானாள். வீட்டுக்கு நிம்மதி. ஒரு மத்தியானம் விஷால் வந்தான். கேள்வி அவள் நாக்கு வரை வந்தது, ஆனால் பக்கத்தில் நின்று சிரிக்கத்தான் முடிந்தது. அவனும் சிரித்துவைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறினான்.

முகூர்த்தம் விடியற்காலையில் என்பதை ராஜகோபால் மறந்திருந்தார்.

மண்டபத்தில் மணமகள் அறைக் கதவு திறந்தது. ஜெயப்ரியா வலது காலைத் தூக்கினாள். நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை வாசித்து முடித்தபோதும் அந்தக் கால் தரையைத் தொடவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றார் ஐயர். ஸ்டைலை மாற்றச் சொல்லி ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"ஆளாளுக்கு மாத்தி என் தலையே சுத்துதும்மா," என்றான் சரத்குமார். "மாப்ள வாயால சொல்லட்டும்."

விஷால் வழக்கம்போல் அம்மாவைப் பார்த்தான். காவேரி டிரெடிஷனல் என்றாள், அடுத்த மூச்சில் வேண்டாம் என்றாள், அவளுக்கே குழம்பிவிட்டது. அவன் மணையிலிருந்து எழுந்தான்.

"எதையும் மாத்தாதீங்க. அவங்க வர வேகத்துலயே வரட்டும்."

அறை வாசலுக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றான். அவள் வாயைத் திறந்தாள். நீளமாக ஒரு வயலின் ஒலித்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் குனிந்து கடைசிவரை கேட்டான்.

"ஆமா, புடிச்சுத்தான்," என்றான். "இத நான் அம்மாகிட்ட கேக்கல."

அவளுடைய புன்னகை மெதுவாகத் தொடங்கியது. அது முடிவதற்குள் மணைக்கு வந்துவிட்டார்கள். முகூர்த்தம் தவறவில்லை. பகலின் அந்தக் கரையில் அவள் இருந்தவரை விடியலும் நகரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் அன்று விளக்கைப் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தன. காவேரியின் தம்பி பந்தியில் இரண்டாம் தரம் சாம்பார் கேட்டபோதுதான் காஞ்சிபுரத்தில் சூரியன் வந்தது.

வாலாஜாபாத்தில் விஷால் வீட்டு விடியல் மட்டும் இன்னும் நீளம்தான். துவைத்த துணியைக் காவேரி பக்கத்து வீட்டு மாடிக்கு எடுத்துப் போகிறாள். அங்கே அதற்குள் வெயில் வந்திருக்கும்.