வாயும் வயிறும், அதற்குக் கீழும்

1

இந்தக் கதை என் நெற்றியில் பிறந்தது. ஞானம் எதுவும் உதித்துவிட்டதாக எண்ண வேண்டாம். பார்லரில் நெற்றி முடியை வெட்டிக்கொள்ளப் போனேன். வலது பக்கம் புருவம் வரைக்கும், இடது பக்கம் ஏறக்குறைய வேர் வரைக்கும் வெட்டுப்பட்டேன். வெட்டியவளுக்கு எட்டாம் மாதம். கத்திரி என் நெற்றிக்கு நேராக வந்த சமயம் பார்த்து அவளுக்குச் சுருக்கென்று ஒன்று குத்தியது; கை தவறிவிட்டது.

"ஐயோ, ஸாரிக்கா," என்றாள். "கீழ திடீர்னு..."

நான் கீழே பார்த்தேன். தரையில் என் முடி கிடந்தது. வேறு எதையும் காணோம்.

அவள் எந்தக் 'கீழ'யைச் சொன்னாள் என்று எனக்கு உறைத்தது வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அழுத பிறகுதான். (முடிக்காகத்தான் அழுதேன். அவளுக்காக என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் மதிப்புக் கூடும். எனக்கும் ஆசைதான்.)

பார்லரில் அதற்கப்புறம் இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற அற்பத்தனம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள். எல்லாம் என்னுடையவை, எல்லாம் பாதியில் செத்தவை.

"மின்னல் வெட்டியதுபோல அவளுடைய

அவளுடைய என்ன? பேனா நின்றுவிட்டது.

"இடுப்பில் சுருக்கென்று

பொய். இடுப்பு பக்கவாட்டில் இருக்கிறது, பாவம், அதன் வேலையை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அடிவயிற்றில்

இதுவும் பொய். ஆனால் கௌரவமான பொய். பத்திரிகைக்காரர்கள் போட்டுவிடுவார்கள்.

"பெண்மையின் வாசலில்

மன்னிக்கவும். இதை எழுதிய கையை நானே ஓர் அடி அடித்தேன்.

சிக்கல் இதுதான். அந்த இடத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. பாடப் புத்தகத்தில் ஒன்று உண்டு, ஆசிரியை அதை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். கவிதையில் ஒன்று உண்டு. தெருச் சண்டைக்கென்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் அதிகம் கேட்டிருக்கிறோம், அதுவும் அடுத்தவர் அம்மாவைச் சேர்த்து. வலிக்கிறது என்று சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், சுருக்.*

* கர்ப்பிணியை 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்கிறோம். அழகான வழக்கு. வாய், வயிறு என்று இரண்டோடு பட்டியலை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளை வாய் வழியாக வந்துவிடும் என்ற நம்பிக்கை போலிருக்கிறது.

3

அவள் வீட்டுக்கு நான் போனதில்லை. போகாத வீட்டில் உட்கார்ந்து எழுதுவதுதான் என் பிழைப்பு. எனவே கதவைத் தட்டாமல் உள்ளே போகிறேன்.

என் முடி வெட்டுப்படுவதற்குச் சில நாள் முன்பு, காலையில் கட்டிலிலிருந்து ஒரு காலை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தாள். சுருக். தொடைகள் இரண்டும் சேருகிற இடத்தில், உள்ளுக்குள், யாரோ ஊசியை ஏற்றி இழுத்ததுபோல. "அம்மா!" என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். நல்லவன். இந்தக் கதையில் கெட்டவர்களே கிடையாது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

"என்னாச்சு? எங்க வலிக்குது?"

"கீழங்க."

அவன் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. தைலத்தை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, அவளுடைய பாதத்தை மடியில் தூக்கி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். காலைத் தூக்கியதில் இன்னொரு சுருக். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு அக்கறையாகத் தப்பான இடத்தைத் தேய்க்கிறவனிடம் என்ன சொல்வது?

"இப்பப் பரவால்லையா?"

"ம்," என்று மென்று விழுங்கினாள்.

அன்று மாமியாரிடமிருந்து போன்.

"இடுப்பு வலியாம்மா?"

"இல்லத்தை, அதுக்குக் கீழ."

"முட்டியா?"

"அதுக்கு மேல."

"தொடையா?"

"இன்னும் கொஞ்சம் மேலத்தை."

"அப்ப இடுப்புதானே! அதத்தானே மொதல்லயே கேட்டேன்!"

லிஃப்ட் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தளத்தில் மட்டும் நிற்கவில்லை. அத்தை மூன்று பிள்ளை பெற்றவர். அந்தத் தளம் அவருக்குத் தெரியாததல்ல. போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இதையெல்லாம் வெளிய சொல்லிட்டிருக்காத," என்றார்.

சொல்லாததால் அவளுக்கு மிச்சமானது பயம். ஒவ்வொரு குத்தலுக்கும் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நடுங்கினாள். வலியைவிட அதுதான் அவளைத் தின்றது. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

4

(நீக்கப்பட்டது. அவளுடைய கல்யாணத்தைப் பற்றி ஒரு நினைவோட்டம். அதில் யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை.)

5

டாக்டர் கேட்டார்: "எங்க வலி?"

"அங்க, டாக்டர்."

"அங்கன்னா?"

முகவாயால் காட்டினாள். ஒவ்வொரு மாதமும் படுக்கவைத்துப் பார்க்கிற டாக்டரிடமே கையால் காட்டக் கூச்சம். டாக்டர் அவள் முகவாய் போன திசையில் பார்த்தார். அங்கே எடை பார்க்கிற மெஷின் இருந்தது. ஆனாலும் புரிந்துகொண்டார். அதற்காகத்தான் அத்தனை வருடம் படிக்கிறார்கள்.

பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை நல்லா இருக்கு. தலை கீழ இறங்கி நரம்பை அழுத்துது, அதான் குத்துது. ரத்தம் பட்டாலோ, தண்ணி போனாலோ, விட்டு விட்டு வலி வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, அசைவு குறைஞ்சாலோ உடனே ஓடி வந்துடணும். மத்தபடி பயப்படாத. படுக்கையில திரும்பும்போது ரெண்டு முட்டியையும் சேத்து வச்சுத் திரும்பு. வயித்தைத் தாங்குற பெல்ட் போட்டுக்க. ரொம்ப நேரம் நிக்காத. முக்கியமா, ஒத்தக் கால்ல நிக்கவே நிக்காத."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதாள். அப்புறம் கடைசி வாக்கியம் நினைவுக்கு வந்தது, சிரிப்பும் வந்தது. பார்லர் நாற்காலியை உயர்த்த அடியில் ஒரு பெடல் இருக்கிறது. அதை மிதிப்பதென்றால் ஒரு காலில் நின்று மறு காலால் மிதிக்க வேண்டும். குட்டையான ஆள் வந்தால் நான்கு மிதி. நான் குட்டை.

6

ஓனரம்மாவிடம் அவள் கேட்டது ஒரு ஸ்டூல். சக்கரம் வைத்தது, ஏற்கெனவே ஸ்டோர் ரூமில் ஷாம்பூ டப்பாக்களைச் சுமந்துகொண்டு சும்மா இருப்பது.

"எதுக்கும்மா?"

எதற்கென்று சொல்ல வேண்டுமே. பார்லரில் எல்லாரும் பெண்கள்தான். புருவம் பிடுங்குவதிலிருந்து எல்லா முடியையும் எடுக்கிறார்கள். அதற்கெல்லாம் சுவரில் ரேட் அட்டையே மாட்டியிருக்கிறது, 'ஸ்பெஷல்' என்று ஒரு வரி உட்பட. ஆனாலும் அவள் வாயில் வந்தது:

"இடுப்பு வலி, மேடம்."

"எனக்குந்தான் இருபது வருஷமா இடுப்பு வலி. நான் உக்காந்தா இந்தப் பார்லர் நின்னிருக்குமா? கஸ்டமர் வரும்போது வெட்டுற பொண்ணு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" ஸ்டூல் கிடையாது என்று ஓனரம்மா ஒற்றைக் காலில் நின்றார். இது வழக்கில் சொல்கிற ஒற்றைக் கால். அவருக்கு அது வலிக்காது.

பிறகு கனிவாகவே சேர்த்தார்: "முடியலேன்னா சொல்லு. கஸ்டமர் யாராவது குறை சொன்னா, பிரசவம் முடிஞ்சப்புறம் வா, பாத்துக்கலாம்."

அந்தக் கனிவுதான் அவளை உலுக்கியது. ஜன்னலோர நாற்காலி அவளுடையது. அவள் வெட்டினால்தான் சரியாக இருக்கும் என்று காத்திருந்து வெட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு முன் அது இன்னொருத்தியின் நாற்காலி. அவளும் பிரசவம் முடிந்து வருவதாகச் சொல்லித்தான் போனாள்.

அடுத்து வந்த கஸ்டமர் நான்.

7

நெற்றி முடி விழுந்துவிட்டது. கல்லாவிலிருந்து ஓனரம்மா எழுந்து வருகிறார். முடிவுகளைப் பார்ப்போம்.

அ) நான் சட்டென்று, "நான்தான் இப்படி வெட்டச் சொன்னேன், இப்ப இதான் ஸ்டைல்," என்கிறேன். அவள் நன்றியோடு என்னைப் பார்க்கிறாள். எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. ஆனால் இதில் நல்ல பெயர் எனக்குக் கிடைக்கிறது, ஸ்டூல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆ) ஓனரம்மாவுக்குத் தன் பிள்ளைப்பேறு ஞாபகம் வந்து கண்ணீர் மல்க

இல்லை. நான் அவரைப் பார்த்திருக்கிறேன்.

இ) அங்கேயே பனிக்குடம் உடைந்து, ஹேர் டிரையர்களுக்கு நடுவே வீல் என்ற சத்தம். கைதட்டல். இதுவும் வேண்டாம். அவளுக்கு வந்தது பிரசவ வலி இல்லை. ஆபத்தில்லாத, விசேஷமில்லாத, நாளைக்கும் வரப்போகிற வலி. அதனால்தான் அதை யாரும் மதிக்கவில்லை. அதைப் பிரசவமாக உயர்த்தி நானும் மதிக்காமல் போக விரும்பவில்லை.

8

நடந்தது இது. சொல்கிறேன் என்றேனே.

ஓனரம்மா வந்தார். என் நெற்றியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னாச்சு?"

அவள் ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இந்த முறை இடுப்பு என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவது என்ற முடிவோடு வாயைத் திறந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், எனக்குக் கீழ..."

ஓனரம்மா கீழே பார்த்தார்.

"ஆமா, எவ்ளோ முடி கிடக்கு. கூட்டிடு. கூட்டிட்டு இன்னிக்கோட வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா. பிரசவம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

அவள் துடைப்பத்தை எடுத்தாள். என் முடியை அவளே கூட்டினாள். ஒரு வார்த்தை குறைந்ததற்கு ஒரு நாற்காலி போயிற்று.

9

எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, எனவே மாற்றுகிறேன். கதைதானே, முடியை ஒட்டவைப்பதுதான் முடியாது. துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு அவளைத் திரும்ப ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஓனரம்மா மறுபடி எழுந்து வருகிறார். "என்னாச்சு?"

"மேடம், எனக்கு .................. வலிக்குது. உக்காந்துதான் வெட்டணும்."

கோடிட்ட இடத்தை நான் நிரப்பலாம். மூன்று முறை நிரப்பி மூன்று முறை அடித்துவிட்டேன். என் அம்மா இதைப் படிப்பார். அதனால் நீங்கள் நிரப்புங்கள். உங்களுக்குத் தெரியாத வார்த்தையா? மனதுக்குள் சொன்னால் செல்லாது, ஓனரம்மாவுக்குக் கேட்காது. வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், அப்படித்தானே? பஸ்ஸில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். புரிகிறது. எனக்கும் அதேதான்.

சரி, ஆள் போனபிறகு சொல்லுங்கள். அவள் பெடலில் ஒரு காலை வைத்து, மறு காலில் நின்றுகொண்டிருக்கிறாள்.